ஸ்ரீரங்கத்து வாடகை வீடும் அப்பாவின் சிக்கனமும்

வீட்டை வாடகைக்கு விடுவது உட்கார்ந்து சாப்பிடுகிற தொழில் என்று சொன்னவர் ஒரு நாளும் வீட்டு ஓனராக இருந்திருக்க மாட்டார். சக ஓனர்களே, உங்களுக்கே தெரியும். நாங்கள் இருப்பது திருச்சி பாலக்கரை. அப்பா தன் ஸ்டேஷனரி கடையை விற்று ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய தனி வீடு வாங்கினார். அந்த வாடகையில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. பிளஸ் டூ முடித்ததும் காலேஜ் போக மாட்டேன் என்றேன். "அப்ப அந்த வீட்டைப் பாத்துக்க ஜெனி. செலவு மட்டும் வைக்காத" என்றார்.

பீரோவுக்குப் பின்னால்

பெயிண்ட் அடிக்கும்போது அப்பாவுக்கு ஒரு யோசனை. பீரோ நிற்கப்போகிற இடத்தில் எதற்கு அடிக்க வேண்டும், யார் பார்க்கப் போகிறார்கள்? பெயிண்டர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஹால் முழுக்க வெள்ளை, ஆள் உயரத்துக்கு ஒரு கட்டம் மட்டும் பழைய பச்சை.

குடிவந்தவர் ராஜி டீச்சர், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். கட்டத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "பீரோ வைக்க கட்டம் போட்டே குடுத்துட்டீங்க, சௌகரியம். ஆனா எங்ககிட்ட பீரோ இல்லையே."

சொட்டுக் குழாய்

பாத்ரூம் குழாய் சொட்டியது. பிளம்பர் கூலியை மிச்சம் பிடிக்க, போனில் வீடியோ பார்த்து நானே கழற்றினேன். தண்ணீரை அடைத்துவிட்டுக் கழற்ற வேண்டும் என்பது வீடியோவில் அதற்கப்புறம்தான் வந்தது. மேல்தொட்டித் தண்ணீர் மொத்தமும் ஹாலுக்கு வந்துவிட்டது.

தில்லை நகரிலிருந்து வந்த பிளம்பர் சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்தார். "வீடியோவுல சொல்லிக் குடுத்தவரையே கூப்பிட்டிருக்கலாமே பாப்பா."

மாடியில் சொந்தக்காரர்கள்

ஐப்பசி மழையில் சமையலறைக் கூரை ஒழுகியது. டீச்சர் போன் செய்தார். அப்பா எடுத்து, "மழை தானா நிக்கும் டீச்சர்" என்று வைத்துவிட்டார். கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றேன். காதிலேயே வாங்கவில்லை. சித்தப்பா மகன் முதல்முறையாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்கு சர்ச் வாசலில் கட்டிய ஃபிளெக்ஸ் பேனரை மொட்டை மாடியில் விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்தார். பேனர் முழுக்க எங்கள் குடும்பம், கைகூப்பியபடி.

அடுத்த மழையில் டீச்சரின் சாம்பாரில் தண்ணீர் விழுந்தது. நான் போனபோது கரண்டியும் கையுமாக நின்றார். "உங்க சொந்தக்காரங்க இருபது பேர் மாடியில மல்லாந்து படுத்திருக்காங்க. ஒருத்தராலயும் ஒழுகுறத நிறுத்த முடியல."

கார்த்திகைக்குள்

கார்த்திகை பிறந்ததும் டீச்சர் வேறு வீடு பார்க்க ஆரம்பித்தார். மார்கழி வந்துவிட்டால் யாரும் வீடு மாறமாட்டார்கள், அதற்குள் கிளம்ப வேண்டும். "போகட்டுமே, ஸ்ரீரங்கத்துல வீட்டுக்கு ஆளா கிடைக்காது?" என்றார் அப்பா. எங்களுக்கு மார்கழி கிறிஸ்துமஸ் கேக் மாசம். அவர் மண்டையில் வேறு எதுவும் ஏறவில்லை. நான் புரோக்கரைக் கேட்டேன். "ஏகாதசிக்கு ஊர் நிரம்பும்மா, வீடு நிரம்பாது. மார்கழியில பெருமாளே வீடு தேடினாலும் தை பொறக்கட்டும்னுதான் சொல்வார்."

ஒரு நிபந்தனை

காலி வீட்டை வைத்துக்கொண்டு என்ன சாப்பிடுவது? கொத்தனாரைக் கூப்பிடப் போறேன், கேக்கல, சொல்றேன் என்றேன் அப்பாவிடம். அப்பா ரெண்டு நாள் பேசவில்லை. அந்த ரெண்டு நாளும் மழையும் இல்லை, வேலை முடிந்தது. அடுத்த மழைக்கு டீச்சர் வீட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்து கூரையையே பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. "போகாதீங்க டீச்சர்" என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் காபியை நீட்டினார். "சரி, இருக்கேன். ஆனா இனிமே நான் போன் பண்ணா நீதான் எடுக்கணும். உங்கப்பா எடுத்தா அன்னைக்கே வண்டிக்குச் சொல்லிடுவேன்."

ஆக, வாடகை வீட்டில் செலவைக் குறைக்க நான் கண்ட வழி, குடியிருப்பவரை வெளியே போகவிடாமலும் ஓனரை உள்ளே வரவிடாமலும் பார்த்துக்கொள்வதுதான்.