சுண்ணாம்புச் செடி

தண்டைக் கிள்ளினால் 'பட்'டென்று முறியும். விரல் நுனியில் குளிர்ந்த நீர் ஒட்டிக்கொள்ளும், பிஞ்சு வெள்ளரிக்காயை நறுக்கியது போல ஒரு பச்சை வாடை வரும். சாந்தோமில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து அடுக்குமாடியின் சுவருக்கும் நடுவே, சித்திரை வெயில்கூட எட்டிப்பார்க்காத ஒரு நீளச் சந்தில், தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்த செடி அது. ரோஜாவும் மல்லிகையும் பட்டுப்போன அந்த மண்ணில், பள்ளி ஆசிரியரான அப்பா எங்கிருந்தோ ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நட்ட நாலு துண்டுத் தண்டுகள், கணுவுக்குக் கணு வேர்விட்டு, ஒரே மழைக்காலத்தில் சந்து முழுவதையும் மூடிவிட்டன. இலைகளில், வெள்ளையடிக்கிறவர் மட்டையை உதறிவிட்டுப் போனது போலத் தெறிப்புகள். பெயர் யாருக்கும் தெரியாததால் வீட்டில் அது 'சுண்ணாம்புச் செடி'.

அதைப் பார்த்துக்கொண்டது அக்கா ஜெசிந்தா. அவளுக்கு அப்போது பதினான்கு வயது, எனக்கு ஒன்பது. எனக்கு ஓரிடத்தில் உட்காரவே வராது. 'இவ கால்ல சக்கரத்தைக் கட்டி விட்டிருக்கு' என்பார் அம்மா. அக்காவோ மணிக்கணக்கில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெள்ளையே இல்லாமல் முழுப் பச்சையாக வரும் கிளைகளை மட்டும் தேடித் தேடிக் கிள்ளுவாள். நிழலில் பச்சைக்குத்தான் வேகம் அதிகம், விட்டால் மற்றதை அமுக்கிவிடும் என்று அப்பா சொல்லியிருந்தார். என்ன பொறுமையோ, பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கே எரிச்சலாக வரும்.

அந்த வருடம்தான் அக்காவின் உதட்டோரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. பிறகு விரல் நுனிகளில். தொற்றாது, பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னதை அம்மா காதில் வாங்கவில்லை. மீனையும் பாலையும் சேர்த்துச் சாப்பிட்டதால்தான் வந்தது என்று யாரோ சொல்ல, வீட்டில் மீன் நின்றது. கடலுக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, மாதக்கணக்கில் குழம்பு வாசனையே இல்லாத வீட்டை நினைத்துப் பாருங்கள். வாசலில் கூடையோடு நிற்கும் மீன்காரம்மா, "இன்னாமா, நெத்திலி பளபளன்னு கீது, வாணாமா?" என்று கேட்டால், அம்மா கதவைச் சாத்திவிட்டு ஜெபமாலையை எடுப்பார். அக்கா மாதா கோயிலில் பாடப் போவதை நிறுத்தினாள். பள்ளி விட்டு வந்தால் நேரே சந்துக்குத்தான். யாரும் சத்தமாகப் பேசாத அந்த வீட்டில் எனக்கு உடம்பெல்லாம் அரித்தது, எதையாவது செய்தே ஆகவேண்டும் போலிருந்தது.

தின்றதால் புள்ளி வருமென்றால் தொட்டதாலும் வரலாமே என்று என் ஒன்பது வயது மூளை முடிவு கட்டியது. அக்காவுக்கு விரலில்தானே வந்திருக்கிறது, அந்த விரலால்தானே தினமும் அந்த இலைகளைத் தொடுகிறாள்? ஒரு சனிக்கிழமை, அம்மா அவளை மருத்துவரிடம் கூட்டிப்போயிருந்த நேரம் பார்த்து, கைகளில் பிளாஸ்டிக் பைகளை மாட்டிக்கொண்டு சந்தில் இறங்கி, வெள்ளை பட்ட கிளை ஒன்றுவிடாமல் பிடுங்கினேன். வாழ்க்கையில் முதன்முறையாக நான் இரண்டு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்தது அன்றுதான். அக்காவின் கண்ணுக்குத் தப்பிய சில பச்சைத் தண்டுகள் மட்டும் மிஞ்சின. பிடுங்கியதையெல்லாம் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, அவளுக்கு இனிமேல் சரியாகிவிடும் என்ற சந்தோஷத்தில் வாசலில் நின்று காத்திருந்தேன்.

அவளும் அம்மாவும் திரும்பி வந்தார்கள். அக்கா சந்தின் முனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனாள். அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. இரண்டே மாதத்தில் சந்து முழுவதும் பச்சை நிறைந்தது. அக்காவின் புள்ளிகள் பரவத்தான் செய்தன. அலுத்துப்போய் அம்மா மறுபடி மீன் வாங்க ஆரம்பித்தார்.

இன்று அந்த வீடு இல்லை. சந்து இருந்த இடத்தில் சிமெண்ட் தரையும் வரிசையாக ஸ்கூட்டர்களும் இருக்கின்றன. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அக்கா பெருங்குடியில் ஓர் அலுவலகத்தில் பொறுப்பான வேலையில் இருக்கிறாள். முகத்திலும் கைகளிலும் பாதிக்கு மேல் வெள்ளை, கையில்லாத குர்தாதான் போடுகிறாள், எதையும் பூசி மறைப்பதில்லை. போன மாதம் அவள் வீட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி, அன்று அந்தச் செடியைப் பிடுங்கியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"நீ சின்னப் பொண்ணு, எனக்கு நல்லது பண்றதா நினைச்சுப் பிடுங்கின. அது எனக்கு அன்னிக்கே தெரியும்."

பிறகு ஏன் சந்துப் பக்கமே வரவில்லை என்று கேட்டேன்.

"அன்னிக்கு நான் அம்மாவுக்குப் பின்னாடியே நிக்கிறேன். அம்மா சந்துக்குள்ள எட்டிப் பார்த்துட்டு, 'அப்பாடா, வெள்ளையெல்லாம் போய் இப்பதான் கண்ணுக்கு நல்லா இருக்கு'ன்னாங்க."

அம்மா அப்படிச் சொன்னது அன்று என் காதிலும் விழுந்தது. எனக்குக் கிடைத்த பாராட்டு என்றுதான் இத்தனை வருடமும் அதை நினைத்து வைத்திருந்தேன்.