ஏசி ஓடாத மாதங்கள்

ஷார்ஜாவில் நவம்பர் பாதிக்கு மேல் ஏசி மெக்கானிக்கை யாரும் தேடுவதில்லை. மே மாதத்தில் விடாமல் போன் அடித்து "பாய், ஜல்தி" என்று கெஞ்சியவர்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களை மறந்துபோவார்கள். நான் அப்போது வேலை பார்த்த கம்பெனி சிறியது. குளிர் தொடங்கியதும் முதலாளி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சம்பளமில்லாத லீவு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், பிப்ரவரி கடைசியில் வந்தால் போதும் என்பார். மற்றவர்களின் முகம் சுருங்கும். ஊருக்குப் போக டிக்கெட் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் தருவார்கள். ரூமில் சும்மா படுத்துக் கிடந்தாலும் செலவு. நான் மட்டும் அந்த அழைப்புக்காகக் காத்திருப்பேன். என் மனைவி ஓமானில், சலாலாவுக்குப் பக்கத்தில், நர்ஸாக இருந்தாள்.

எனக்குத் தூத்துக்குடியிலிருந்து உள்ளே தள்ளி, கடல் கண்ணில் படாத ஒரு ஊர். அவள் கடற்கரைக்காரி. எங்கள் கல்யாணம் நடந்தபோது என் லீவும் அவள் லீவும் சேர்ந்து விழுந்தது இரண்டு வாரம்தான். கோயில், விருந்து, மறுவீடு, சொந்தக்காரர் வீடுகள் என்று அலைந்ததில் நாங்கள் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து பேசியது குறைவு. பிறகு அவள் ஒரு விமானத்திலும் நான் ஒரு விமானத்திலும் ஏறிவிட்டோம். போனில் பேசுவோம். என்ன சாப்பிட்டாய், டூட்டி முடிந்ததா என்பதற்கு மேல் பேச்சு நகராது. முகத்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்கு போனில் மௌனம்கூட சங்கடமாக இருக்கும்.

கல்யாணம் முடிந்து வந்த முதல் குளிர்காலத்தில் முதலாளி லீவு என்றதும், நான் சலாலாவுக்கு வரட்டுமா என்று அவளிடம் போனில் கேட்டேன். ரூம் பார்க்கணுமே என்றாள்.

வளைகுடாவில் எல்லோரும் சலாலாவுக்குப் போவது கோடையில். மற்ற இடமெல்லாம் கொதிக்கும்போது அங்கே மட்டும் சாரல் விழும், மலை பச்சையாகும். குடும்பம் குடும்பமாகக் கார்களில் போவார்கள். அந்த மாதங்களில் எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. மொட்டை மாடிகளில் சுடும் யூனிட்களோடு கிடப்பேன். குளிர்காலத்தில் அந்த ஊர் காலியாக இருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். அவள் கிளினிக்குக்கு பிரஷர் பார்க்க வரும் ஒரு ஓமானியப் பெண்ணிடம் சொல்லிவைத்து, அவர்கள் வீட்டு மாடியில் ஒரு அறை பிடித்தாள். கிளினிக் கொடுத்த குவார்ட்டர்ஸில் அவளோடு இரண்டு மலையாளி நர்ஸுகள் இருந்தார்கள். அங்கே ஆண்களுக்கு அனுமதி இல்லை.

விமானம் எனக்குக் கட்டாது. ஷார்ஜா ரோலாவிலிருந்து துபாய், துபாயிலிருந்து மஸ்கட், மஸ்கட்டிலிருந்து சலாலா என்று எல்லாமே பஸ். ரூமில் ஒருவர் ஊரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த தூத்துக்குடி மக்ரூனில் ஒரு டப்பாவை அவளுக்காக வாங்கி வைத்திருந்தேன். பையில் வைத்தால் நொறுங்கும் என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன். எல்லையில் இறங்கி விசா அடிக்கும்போதும் அது கையில் இருந்தது. அதிகாரி அதைத் திறக்கச் சொல்லி, ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டு, தலையை ஆட்டி பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தார்.

மஸ்கட்டில் காலையில் ஏறிய பஸ் நிஸ்வாவைத் தாண்டியதும் வெளியே ஒன்றுமில்லாமல் போனது. தரை, மேலே வானம், நடுவில் ஒரு கோடாக ரோடு. எப்போதாவது ஒரு ஒட்டகம். பக்கத்து சீட்டில் வழியில் ஒரு ஊரில் பேக்கரி வைத்திருக்கும் மலையாளி இருந்தார். மழை முடிந்த பிறகு சலாலாவில் என்ன வேலை என்று கேட்டார். வைஃப் அங்கே இருக்காங்க என்றேன். முதல்முறையாக ஒரு வெளி ஆளிடம் அந்த வார்த்தையைச் சொல்கிறேன் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. காது சூடானது. அவர் அதைக் கவனிக்காமல் தன் ரொட்டி வியாபாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நடுவழியில் ஹைமா என்ற ஊரில் சாப்பிட நிறுத்தினார்கள். பரோட்டாவும் பருப்பும் தின்றுவிட்டு மறுபடி ஏறினோம். தூங்கி எழுந்தாலும் வெளியே அதே தரை. சாயங்காலம் மலை இறங்கும்போதுதான் காற்றில் ஈரம் தெரிந்தது. கீழே விளக்குகள், அதற்கப்பால் கறுப்பாகக் கடல்.

பஸ் ஸ்டாண்டில் அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பட்டுப்புடவையில் பார்த்த முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். டூட்டி முடிந்து யூனிபார்மிலேயே வந்து, முடியைத் தூக்கிக் கட்டி, ஒரு தூணருகே நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் கிட்டே வந்தாள்.

"ஆளு மெலிஞ்சிட்டிய," என்றாள்.

டப்பாவை நீட்டினேன். ரூமுக்குப் போய்த் திறந்தால் மக்ரூன் முழுக்கப் பொடியாகியிருந்தது. அவள் ஒரு ஸ்பூனை எடுத்துவந்து, கட்டிலில் உட்கார்ந்து பொடியை அள்ளி அள்ளித் தின்றாள்.

அந்த அறை இருந்த ஊரின் பெயர் தாக்கா. சலாலாவுக்குக் கிழக்கே, மீன்பிடிக்கிறவர்களின் ஊர். அந்த மாதங்களில் கடற்கரை முழுக்கச் சாளை மீனை வெள்ளியாகக் காயப்போட்டிருப்பார்கள், ஒட்டகங்களுக்குத் தீனி. அந்த வாடை சட்டைக்குள், தலையணைக்குள், சோற்றுக்குள் வந்துவிடும். முதல் இரண்டு நாள் எனக்குக் குமட்டியது. அவளுக்கோ அது பிறந்த வீட்டு வாடை.

காலையில் அவள் கிளினிக்குக்குப் போய்விடுவாள். நான் வீட்டில். அதுவரை பேச்சிலர் ரூமில் என் முறை வரும்போது பருப்பு வேகவைத்ததுதான் என் சமையல். இப்போது தினமும் சமைத்தேன். கீழே வீட்டுக்காரர், என் வயதைவிடக் கொஞ்சம் மூத்தவர், படகு வைத்திருந்தார். கரைக்கு வந்ததும் வாசலில் நின்று, அரபியில் நண்பா என்பதற்கு, "சதீக்" என்று குரல் கொடுப்பார். நான் இறங்கினால் கையில் ஒரு மீனைத் தருவார். ஒருமுறை அவர் ஃப்ரீஸர் நின்றுபோனதைச் சரிசெய்து கொடுத்தேன். அதன் பிறகு மீன் இன்னும் பெரிதானது. துணி துவைத்து மாடியில் காயப்போடுவேன். எதிரே இருந்த பாகிஸ்தானி டெய்லர், பெண்டாட்டி சம்பாதிக்க நீ சேலை காயப்போடுகிறாயா என்று சிரித்தார். எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஷார்ஜாவில் யாரும் எனக்காகக் காத்திருந்ததில்லை, நானும் யாருக்காகவும் சோறு வடித்ததில்லை. மூன்றரை மணிக்குப் படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கும். நான் அடுப்பைப் பற்றவைத்து மீனை வாட்டப் போடுவேன்.

முதல் குழம்பில் புளியை அள்ளிப் போட்டுவிட்டேன். அவள் முகத்தைச் சுளிக்காமல் தின்றுவிட்டு, நாளைக்குப் பாதி போதும் என்று மட்டும் சொன்னாள்.

ஆனாலும் அந்த முதல் குளிர்காலம் முழுக்க நாங்கள் விருந்தாளிகள் மாதிரிதான் இருந்தோம். ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல், பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டோம். எங்கள் பயம் விட்டது அடுத்த வருடம். அதற்கு ஒரு காற்று வரவேண்டியிருந்தது.

அங்கே குளிர்காலத்தில் சில நாட்கள் வடக்கே பாலைவனத்திலிருந்து காற்று இறங்கும். மலையைத் தாண்டி மண்ணை அள்ளிக்கொண்டு வந்து கடல் பக்கம் தள்ளும். படகை நடுக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போகிற காற்று. இரண்டாவது வருடம் ஒருநாள் விடியும்போதே கதவெல்லாம் அடித்துக்கொண்டது. கீழ்வீட்டுக்காரர் அதற்கு முன்பே கடலுக்குப் போயிருந்தார். மற்ற படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அவருடையது வரவில்லை.

அவர் மனைவி மேலே வந்து கதவைத் தட்டினார். என் மனைவி அப்போதுதான் டூட்டிக்குத் தயாராகி நின்றாள். அந்தப் பெண் "சிஸ்டர்" என்றதும், ஏதோ முதலிலேயே தெரிந்தவள் மாதிரி, கிளினிக்குக்கு போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். இரண்டு பேரும் கடற்கரையில், காய்ந்த மீனுக்கு நடுவே போய் உட்கார்ந்தார்கள். கண்ணைத் திறக்க முடியாத மணல். வீட்டுக்காரரின் தம்பி வேறு படகில் தேடப் போனார். கடலோரக் காவலுக்கும் சொல்லியாகிவிட்டது. எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன், பிறகு சோறு எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் எதையும் தொடவில்லை. என் மனைவி அவர் கையைப் பிடித்திருந்தாள். நடுவில் ஒருமுறை என்னை அனுப்பி பிரஷர் கருவியை எடுத்துவரச் சொன்னாள். பார்த்துவிட்டு, பையிலிருந்த மாத்திரையை அவரை விழுங்க வைத்தாள். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை அதிகம் கிடையாது.

மத்தியானத்துக்கு மேல் நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கடலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"எங்க சித்தப்பாவையும் இப்படித்தான் பாத்துகிட்டு இருந்தோம். நான் ஏழாப்பு படிக்கேன். எங்கப்பா ஒரு வள்ளத்துல, சித்தப்பா ஒரு வள்ளத்துல. அப்பா ரெண்டாம் நாள் வந்துட்டாவ. சித்தப்பா வரல."

கல்யாணமாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவளுக்கு ஒரு சித்தப்பா இருந்தார் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அவள் தோளில் படிந்திருந்த மணலைத் தட்டிவிட்டேன்.

சாயங்காலம் ஆகும்போது தகவல் வந்தது. எஞ்சின் நின்று, காற்று இழுத்துக்கொண்டு போன படகை ஒரு பெரிய லாஞ்சில் வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். கட்டி இழுத்து மிர்பாத் துறைக்குக் கொண்டுவருகிறார்கள். தெருவில் ஒருவரின் பிக்கப்பில் ஏறி எல்லோரும் மிர்பாத்துக்குப் போனோம். வீட்டுக்காரர் உதடு வெடித்து, கண் சிவந்து, கரையில் கால் வைத்ததும் டீ கேட்டார். அவர் மனைவி திட்டத் தொடங்கினார். அரபு இல்லை, மலைப் பக்கத்துப் பாஷை. ஒரு சொல்லும் எங்களுக்குப் புரியவில்லை. மனிதர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே டீயைக் குடித்தார்.

திரும்பும்போது நாங்கள் இருவரும் பிக்கப்பின் பின்னால், வலைக்குவியல் மேல் உட்கார்ந்திருந்தோம். காற்று அடங்கியிருந்தது. அன்றைக்கு என்ன தைரியம் வந்ததோ, ஒரு வருடமாக மனதுக்குள் வைத்திருந்ததைக் கேட்டேன்: என்னைப் பிடித்துத்தான் சம்மதித்தாயா?

அவள் முடியிலிருந்த மணலை உதறினாள்.

"கடலுக்குப் போற மாப்பிள்ள வேண்டாம்னு எங்கம்மா ஒத்தக்கால்ல நின்னா. அதனால சரின்னேன். நெசமாச் சொன்னா, போட்டோவுல உங்கள எனக்கு ஒண்ணும் தோணல."

நான் வலையின் ஒரு முடிச்சை நெருடிக்கொண்டிருந்தேன்.

"பொறவு பஸ்ஸ விட்டு எறங்கும்போது அந்த டப்பாவக் கட்டிப்புடிச்சிகிட்டு, வழி தெரியாத புள்ள கணக்கா முழிச்சிய பாத்தியளா, அப்பத்தான்," என்றாள். யூனிபார்ம் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு நிற்கவில்லை. குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அவள் தூக்கத்தில் பல்லைக் கடிப்பதை நான் சொன்னேன். இரண்டு முறை சண்டை போட்டு, ஒரு முறை நான் டெய்லர் கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஓய்வு நாளில் பஸ் பிடித்து சலாலா போய், ரோட்டோரத் தென்னந்தோப்புக் கடைகளில் இளநீர் குடிப்போம். பப்பாளியும் வாழையும் தொங்கும். தூத்துக்குடிப் பக்கம் நிற்கிறோமா, அரபு நாட்டில் நிற்கிறோமா என்று ஒரு நிமிஷம் மயங்கும்.

மூன்றாவது வருடம் நான் போனபோது அவள் எமிரேட்ஸ் நர்ஸிங் பரீட்சை பாஸாகி, ஷார்ஜாவில் வேலையும் கிடைத்திருந்தது. இரண்டு வருடமாக நாங்கள் ஜெபித்தது அதற்குத்தான். ஆனால் கடைசி நாட்களில் இருவருக்குமே அதைப் பற்றிப் பேச வரவில்லை. வீட்டுக்காரரின் மனைவி ஒரு பை நிறையச் சாம்பிராணிக் கட்டிகளைக் கொடுத்துவிட்டு, அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். டெய்லர் என் பேன்ட்டைச் சும்மாவே தைத்துக் கொடுத்தார்.

அவள் அதுவரை விமானத்திலேயே வந்து போனவள். பஸ்ஸில் அந்தப் பாலைவனத்தைப் பார்த்ததே இல்லை. ஜன்னல் பக்கம் அவளை உட்காரவைத்தேன். முதலில் உற்சாகமாக ஒட்டகம் காட்டினாள். பிறகு தூங்கினாள். எழுந்து வெளியே பார்த்தாள். மறுபடி தூங்கி, மறுபடி எழுந்தாள். வெளியே அதே தரை. ஹைமாவும் தாண்டி வெகுநேரம் ஆன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இம்புட்டு தூரமா வந்திய?"

ஆமாம் என்றேன். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மஸ்கட் வரும்வரை விடவில்லை.

இப்போது ஷார்ஜாவில் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் வேறு கம்பெனிக்கு மாறி சூப்பர்வைசர் ஆகிவிட்டேன். குளிர்காலத்தில்தான் வருடாந்திர மெயின்டனன்ஸ், அதனால் டிசம்பரில் லீவு கிடையாது. அவளுக்கு மாறி மாறி ஷிப்ட். சில வாரங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் சீட்டு எழுதி ஒட்டித்தான் பேசிக்கொள்கிறோம். கிடைத்தது பெரிது என்று தெரியும். இருந்தாலும் நவம்பரில் முதல் குளிர்காற்று வீசும்போது, ஏதோ ஒரு பஸ்ஸைத் தவறவிட்டதுபோல எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

போன மாதம் எங்கள் மகள், பள்ளிக்கூடத்தில் யாரோ பெற்றோரின் மாலத்தீவுப் படங்களைப் பார்த்துவிட்டு வந்து, "யூ கைஸ் நெவர் வென்ட் ஆன் எ ஹனிமூன்?" என்று கேட்டாள். நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள், போனோமே, மூன்று வருடம் போனோம் என்றாள். மகள் நம்பவில்லை; போட்டோ எங்கே என்றாள். பழைய போனோடு எல்லாம் போய்விட்டது. அதனால் வாயால் சொன்னோம். மாடி, காய்ந்த மீன், டெய்லர் எல்லாம். அறைக் கதவு பச்சை என்றாள் என் மனைவி. நீலம் என்றேன் நான். அவள் பூண்டைக் கீழே வைத்துவிட்டு, தினமும் வந்து அதைத் தட்டியது யார் என்று கேட்டாள். மகள் எப்போதோ எழுந்து போய்விட்டாள். நாங்கள்தான் இன்னும் பேசிக்கொண்டிருந்தோம்.