புள்ளிக்கு வால் முளைத்த பலகை

கடைப் பலகையில் எழுத்து மட்டும் இருந்தால் எங்கள் நகராட்சி அலுவலகமே அனுமதி தரலாம்; படம் இருந்தால் மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். விதி அவ்வளவுதான். அதன்படி நடந்திருந்தால் கால் மணி நேரத்து வேலை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம். கொடைக்கானல் ஏரிச் சாலையில் கம்பளி உடைக் கடை போட்டிருந்த பெண், பலகையைத் தூக்கிக்கொண்டு நேராக அதிகாரியின் மேசைக்கே வந்துவிட்டார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம். சித்திரை, வைகாசிக் கூட்டத்தில் விற்றால்தான் அவர்களுக்கு வருஷம் ஓடும். அதற்குள் பலகை வாசலில் தொங்க வேண்டும்.

‘கம்பளி உடைகள்’ என்று அவரே வரைந்திருந்தார். கோடு நூலளவு மெலிசு. முதல் எழுத்தில் புறப்பட்ட இழை அறுபடாமல் வளைந்தும் சுழித்தும் எல்லா எழுத்துமாக ஆகியிருந்தது. கடைசிப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் குட்டி நூல்கண்டு. அதிலிருந்து ஓர் இழை நழுவிப் பலகையின் மூலைவரை ஓடியிருந்தது.

அதிகாரி சமவெளியிலிருந்து புதிதாக வந்தவர். அறைக்குள்ளும் மஃப்ளரைக் கழற்றமாட்டார்.

“என்னம்மா, புள்ளிக்கு வால் முளைச்சிருக்கு?”

“நூல்கண்டுங்க ஐயா.”

“அப்ப படம்.”

“படிக்க வருதுங்களா?”

“வருது.”

“அப்ப எழுத்துதானுங்களே?”

பின்னால் யாரோ சிரித்துத் தொலைத்தார்கள். அதுவே வினையாயிற்று. அதிகாரியின் முகம் இறுகியது. “சாதா எழுத்துல எழுதிட்டு வா. இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்.”

“தோட்டத்துல இருந்த பலகையெல்லாம் தொரமாரு எழுதி வச்சதுங்க. இது நான் எழுதினது.”

‘படிக்கக்கூடிய படம்’ என்று குறிப்பெழுதிக் கோப்பை மேலிடத்துக்கு அனுப்பினார் அதிகாரி. அப்படியொரு இனம் எந்த விதியிலும் கிடையாது.

படியிறங்கும்போது நான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: “விதி வெளியே தொங்குற பலகைக்குத்தாம்மா. உள்ளே நாற்காலியில உக்காந்திருக்கிற பலகைக்கு ஒண்ணும் இல்லை.”

“கந்தோர்ல சம்பளம் வாங்கிக்கிட்டே இப்படிச் சொல்றீங்களே!” என்று சிரித்தார். ஆபீஸ் அவருக்கு இன்னமும் கந்தோர்தான்.

சீசன் முழுக்கப் பலகை வாசலுக்கு உட்புறம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பக்கத்துக் கடையின் தடித்த சிவப்பு எழுத்தை ஜனங்கள் பஸ்ஸிலிருந்தே படித்துவிட்டுப் போனார்கள். இதைப் படிக்கக் குனிய வேண்டும். குனிந்தவர்கள் இழையை விரலால் தொடர்ந்துகொண்டே போய், நிமிரும்போது கடைக்குள் நின்றார்கள். எழுத்து என்பது வெரசாகப் படித்து முடிப்பதற்கு மட்டும்தானா என்று எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. வைகாசியில் அதிகாரியின் கழுத்தில் புது மஃப்ளர். எந்தக் கடை என்று நாங்கள் கேட்கவில்லை.

‘எழுத்தே. தொங்கவிட ஆட்சேபணை இல்லை’ என்று பதில் வந்தபோது ஊரில் வெளியூர்க்காரர் ஒருவரும் இல்லை. கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். உடனே ஆணியடித்து மாட்டினார். எப்படி இருக்கிறது என்று பார்க்க இருவரும் சாலையின் எதிர்ப்புறம் போய் நின்றோம். மஞ்சு இறங்கியிருந்தது, பலகை மட்டுமல்ல, கடையே தெரியவில்லை.

“இருக்கட்டுங்க. தொங்குதுல்ல” என்றார்.

அன்று ஐப்பசி முதல் தேதி.