ஆண்டு மலரில் வந்தது நான் எழுதியது அல்ல

இதை எழுத ஏழு வருஷம் தயங்கினேன். கோயிலைக் குறை சொன்னால் அம்பாளையே குறை சொன்னதாகிவிடுமோ என்ற பயம் ஒன்று. எழுத வேண்டிய வார்த்தை கழிப்பறை என்பதாக இருந்தது இன்னொன்று. விளக்கேற்றிவிட்டு உட்காருவேன், பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். நான் எட்டாம் வகுப்பு வரை போனவள். படித்தவர்கள் யாராவது எழுதட்டும் என்று காத்திருந்ததும் உண்டு. படித்தவர்கள் என்ன எழுதுவார்கள் என்று கண்ணால் பார்த்த பிறகு அந்த ஆசை போய்விட்டது.

என் வீட்டுக்காரருக்கு ராணுவத் தளவாட ஆலையில் வேலை. தெலுங்கு நாட்டில், மாரெட்பள்ளியில் குடியிருந்தோம். எங்கள் பக்கத்துத் தமிழர்கள் சேர்ந்து கட்டிய அம்பாள் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் அன்னதானம். சமைக்கிறவர்கள் பெண்கள் எட்டுப் பேர். காலை ஐந்து மணிக்குச் சமையல்கட்டுக்குள் நுழைந்தால் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வர இரண்டு மணியாகும். பெண்களுக்கென்று கழிப்பறை கிடையாது. ஆபீஸ் அறைக்குப் பின்னால் ஒன்று இருந்தது, அது கமிட்டிக்காரர்களுக்கு. அதனால் நாங்கள் வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவோம். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டால் விரதம் என்போம்.

சாப்ட்வேர்க்காரர்கள் வந்து குவிந்துகொண்டிருந்த காலம் அது. கச்சிபௌலியிலிருந்து காரில் வந்து இறங்குவார்கள். அவர்கள் கொடுத்ததில் கமிட்டி கோயில் முழுக்கக் கிரானைட் போட்டது. ஏசி ஹால் கட்டியது. நன்கொடையாளர் பெயர்கள் சிவப்பு எழுத்தில் ஓடுகிற பலகை ஒன்றைச் சந்நிதிக்கு எதிரிலேயே மாட்டியது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் யாரோ ஒருவருடைய இனிஷியல் கண்ணில் வந்து குத்தும். கழிப்பறைக்கு மட்டும் வாஸ்து இடம் கொடுக்கவில்லை என்றார்கள்.

எங்களில் மூத்தவர் ஓர் அக்கா. பூர்வீகம் வேலூர்ப் பக்கம். தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம் என்பதால் பேச்சில் இந்த ஊர் இந்தி கலந்திருக்கும். சர்க்கரை வியாதிக்காரர். இருபது வருஷமாக ஒரு வெள்ளி தவறாமல் வந்தவர். ஓர் ஆடி வெள்ளியன்று, சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே அவருக்குப் புடவை நனைந்துவிட்டது. நான் சட்டென்று ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் தட்டிவிட்டேன். அந்தப் பக்கமாக வந்த கோயில் செக்ரட்டரி, "தண்ணியைக் கொட்டாதீங்கம்மா, கிரானைட் வழுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா தானே குனிந்து துடைத்தார். யாரையும் துடைக்க விடவில்லை. அடுத்த வெள்ளி வரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினார். அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்குக் குரல் கொடுக்க ஓர் அம்மாள் வந்து சேர்ந்தார். சென்னைக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய உத்தியோகம். பத்திரிகைகளில் ஆண்களே கருத்துச் சொல்கிறார்கள், பெண்கள் எழுதப் பழக வேண்டும் என்றார். நியாயமான பேச்சுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். சனிக்கிழமை மதியம் ஏசி ஹாலில் வகுப்பு. சுவரில் படம் காட்டுவார். "உங்க குரலை நீங்கதான் கண்டுபிடிக்கணும் ஆன்ட்டி" என்பார். குரல் என்ன, பஸ்ஸில் விட்டுவிட்டு வந்த குடையா? அண்டா தூக்க ஆள் வேண்டும் என்று நாங்கள் கத்தினால் தெருமுனை வரை கேட்கும். பக்கத்து அறையில் இருந்த கமிட்டிக்குத்தான் கேட்காது.

இருந்தாலும் நான் போனேன். ஒரு கருத்து, அதற்குக் காரணங்கள், என்ன செய்ய வேண்டும் என்பது, இவ்வளவுதான் கருத்துக் கட்டுரை என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்தது. நாலாவது வாரம் இப்படி எழுதிக் கொடுத்தேன்: "அன்னதானத்துக்குச் சமைக்கிற பெண்கள் ஒன்பது மணி நேரம் ஒதுங்க இடமில்லாமல் நிற்கிறோம். தண்ணீர் குடிக்காமல் சமைக்கிறோம். இதனால் வயதான ஒருவர் அம்பாளைப் பார்க்க வருவதையே விட்டுவிட்டார். பெண்களுக்குக் கழிப்பறை கட்டுங்கள்."

அந்த அம்மாள் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கூடக் கலங்கியது. ரொம்பப் பவர்ஃபுல்லாக இருக்கிறது, நவராத்திரி ஆண்டு மலரில் போடுகிறோம் என்றார்.

மலர் வந்தது. 'தூய்மையே இறைமை' என்று தலைப்பு. அடியில் என் வீட்டுக்காரர் பெயருக்கு முன்னால் திருமதி. கோயிலைச் சுத்தமாக வைத்திருப்பது பெண்களின் பாக்கியம் என்று ஆரம்பித்து, கமிட்டியின் கிரானைட் திருப்பணியைப் புகழ்ந்து, வயதான பெண்கள் சிலர் கவனமில்லாமல் தரையில் தண்ணீர் சிந்துவது வருந்தத்தக்கது என்று முடிந்திருந்தது. கழிப்பறை என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. தண்ணீர் விஷயம் செக்ரட்டரி சேர்த்ததாம். அந்த அம்மாளிடமே போய்க் கேட்டேன்.

"கருத்து உங்களோடதுதான் ஆன்ட்டி. சும்மா பாலிஷ் பண்ணினோம். நெகட்டிவா இருந்தா நன்கொடை குடுக்கறவங்க முகம் சுளிப்பாங்க இல்லையா?"

குரல் கொடுக்க வந்தவருக்கு இவ்வளவுதான் தெம்பு. வகுப்பில் மாமியார் கொடுமையைப் பற்றி எழுதிய இன்னொருத்தியுடையது கூட்டுக் குடும்பத்தின் மேன்மையாகியிருந்தது. அவளும் சந்தோஷமாகவே இருந்தாள். மலரில் பெயர் வந்துவிட்டதே. வெளியீட்டு விழாவில் மிச்சமிருந்த எங்கள் ஏழு பேருக்கும் பிளாஸ்டிக் கேடயம் கொடுத்து, நடுவில் அந்த அம்மாள் நிற்கப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன், கேடயத்தை மார்பில் அணைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு. அதில் இருப்பவர்களிலேயே கேவலமானவள் நான்தான். மற்றவர்களுக்கு விஷயம் தெரியாது; எனக்குத் தெரியும்.

பிரசாதம் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மலர் அங்கே டீப்பாயில் கிடந்தது.

"கைக்கும்மா, ஏன் இப்படி எழுதினே?" என்றார். "தண்ணி சிந்தினவ யாருன்னு ஊருக்கே தெரியணுமா?"

நான் எழுதவில்லை என்றேன்.

"உன் வீட்டுக்காரர் பேர் போட்டிருக்குதே."

பிரசாதத்தை நீட்டினேன். "நக்கோ" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அம்பாள் பிரசாதத்தை ஒருநாளும் வேண்டாமென்று சொல்லாத மனுஷி.

அப்போதெல்லாம் கோயில்களில் ஒரு வழக்கம் இருந்தது. குங்குமக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மடித்த கடிதம் கிடக்கும். இதை ஓர் எழுத்தும் மாற்றாமல் பதினொரு பேருக்கு எழுதிக் கொடுத்தால் நல்லது நடக்கும், கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கினார் என்றிருக்கும். எங்கள் பெண்கள் அதை எழுத்துப் பிழையோடு நகலெடுப்பார்கள். நானும் எடுத்திருக்கிறேன். சொந்தக் கருத்தைக் கண்டவர் கையில் திருத்தக் கொடுத்துவிட்டு, எவனோ ஒரு மூடன் எழுதிய சாபத்தைப் பயந்து பயந்து காப்பாற்றுகிற கூட்டம் நாங்கள்.

சரி, அந்தப் புத்திக்கு அந்த வழிதான் என்று, பிள்ளையார் சுழி போட்டு என் நாலு வாக்கியத்தை எழுதி, மாற்றாமல் பதினொரு பேருக்குக் கொடுக்கவும் என்று முடித்தேன். பதினொரு நகல். கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். சாபத்தை மட்டும் விட்டுவிட்டேன். அம்பாள் பெயரைச் சொல்லிச் சாபம் போட மனம் வரவில்லை.

பொங்கல் கழிந்து, குகட்பள்ளியில் இருக்கிற உறவுக்காரப் பெண் ஒருத்தி எனக்கே ஒரு நகலைப் பயபக்தியோடு கொண்டுவந்து கொடுத்தாள். முடிவில் யாரோ இரண்டு வரி சேர்த்திருந்தார்கள். எழுதிக் கொடுத்தவர் மகனுக்கு எட்டாம் நாள் அமெரிக்க விசா கிடைத்ததாம். அலட்சியம் செய்தவர் மகனைக் கம்பெனியில் வேலை கொடுக்காமல் சும்மா உட்கார வைத்துவிட்டார்களாம். தூ என்றிருந்தது. ஆனால் நடுவில் என் நாலு வாக்கியமும் அப்படியே இருந்தன. அக்காவுக்காக அசையாதவர்கள் விசாவுக்காகக் கழிப்பறையைப் பத்திரமாகக் கைமாற்றியிருந்தார்கள்.

கடிதம் நன்கொடையாளர் வீடுகளுக்கும் போயிருக்க வேண்டும். அவர்கள் வீட்டிலும் விசாவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் உண்டு. சித்திரைக்குள் சமையல்கட்டுக்குப் பின்னால் சுவர் எழும்பியது. வாஸ்துவும் ஒதுங்கி வழிவிட்டது. கட்டி முடித்து, கமிட்டி அதற்கு ஒரு பூட்டுப் போட்டது. சாவி செக்ரட்டரியின் மேஜை டிராயரில். வேண்டுமென்றால் ஆபீஸ் அறைக்குப் போய், உட்கார்ந்திருக்கிற ஆண்களுக்கு நடுவில் கேட்க வேண்டும். ஒருத்தியும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மறுபடியும் எல்லாருக்கும் விரதம்.

குகட்பள்ளி நகலை அக்காவிடம் எடுத்துப் போனேன். கையெழுத்து வேறு யாருடையதோ, வாசகம் என்னுடையது, மலருக்கு நான் கொடுத்தது இதுதான் என்றேன். நின்றபடியே படித்தார். மூன்றாவது வாக்கியத்தில் விரலை வைத்தார்.

"இது நானா?"

"ஹவ் அக்கா, நீங்கதான்."

"விசா?"

"அது நான் இல்லை."

உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை வந்துவிட்டார். வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை எங்கள் எல்லாருக்கும் எதிரில் மடமடவென்று குடித்தார். பத்து மணிக்குக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நேராக ஆபீஸ் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். கமிட்டிக்காரர்கள் நாலு பேர், குரல் கொடுத்த அம்மாளும் இருந்தார், காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சாவி குடுங்க. ஒண்ணுக்குப் போகணும்" என்றார் அக்கா.

செக்ரட்டரி பைலிலிருந்து தலையைத் தூக்காமல், "நீங்க போங்கம்மா, வாட்ச்மேன்கிட்ட குடுத்து அனுப்பறேன்" என்றார்.

"வாட்ச்மேனுக்கு வரலை. எனக்கு வருது."

டிராயர் திறந்தது. அந்த அம்மாள் காபி டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் ஒருத்தி தன் குரலில் கருத்துச் சொன்னதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். போய்வந்த அக்கா சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சமையல்கட்டில் கரண்டி மாட்டுகிற ஆணியில் மாட்டினார். கேட்டு வர ஒருவருக்கும் முகம் இல்லை. இன்றும் அங்கேதான் தொங்குகிறது.

இதைப் படிக்கிறவர்கள் இன்னொருவருக்குக் கொடுப்பதானால் நான் எழுதியபடியே கொடுங்கள். பாலிஷ் வேண்டாம். பலன் எதுவும் சேர்க்க வேண்டாம். அக்கா ஆபீஸ் அறையில் கேட்டதை மரியாதையான வேறு வார்த்தையாக மாற்றவும் வேண்டாம். அவர் கேட்டது அப்படித்தான்.