டெடிகேட்டட் டீச்சர்

எழுபதுகளில் நான் படிப்பித்த சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் 'டெடிகேட்டட்' என்ற சொல் அதிபரின் வாயில் வந்தால், யாருடைய தலையிலோ ஒரு வேலை விடியப்போகிறது என்று அர்த்தம். அகராதி அதற்கு அர்ப்பணிப்புள்ளவர் என்று பொருள் சொல்லும். எங்கள் ஆசிரியர் அறையில் அதற்குச் சனிக்கிழமை வகுப்பு என்று பொருள். "டெடிகேட்டட் ஆன ஆக்கள்..." என்று அவர் வாசலில் நின்று தொடங்கினாலே பாதிப்பேருக்குத் திடீரென்று தண்ணீர் விடாய் வந்துவிடும்.

அப்படி எழும்பிப் போகத் தெரியாமல் இருந்தவள் நான்தான். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா நாடகம், சனிக்கிழமை வகுப்பு எல்லாம் என்னிடமே வந்தன. வீடு இருந்ததோ சண்டிலிப்பாயில். யாழ்ப்பாணத்தில் பஸ் மாறிப் போய்வர வேண்டும். என் சின்ன மகள் நான் புறப்படும்போதும் நித்திரை, திரும்பும்போதும் நித்திரை. ஊருக்கு அருகே இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்தேன்.

அதிபர் நல்ல மனிதர். விண்ணப்பத்தின் அடியில் என்னைப் புகழ்ந்து தள்ளிவிட்டார். கல்விக் கந்தோரில் இடமாற்றம் பார்க்கும் அதிகாரி அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இவ்வளவு டெடிகேட்டட் டீச்சரை எடுத்துப்போட்டால் அந்தப் பள்ளிக்கூடம் என்ன செய்யும், பிள்ளை?"

அதே தவணையில், எந்த வேலைக்கும் கதிரையை விட்டு அசையாத இன்னொரு டீச்சருக்குக் கேட்ட இடம் உடனே கிடைத்தது. அவரைப் பற்றி அதிபர் "ஆட்சேபனை இல்லை" என்று மட்டும் எழுதினாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அதிபரிடம் போனேன்.

"சேர், என்னைப் பற்றிக் கொஞ்சம் குறைச்சு எழுதித் தாங்கோவன்."

"பொய் எழுத என்ரை கை வராது, டீச்சர்."

பிறகு ஒரு விடுமுறை நாள். காலையில் மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் இன்னும் போகேல்லையோ?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். விருந்துக்கு வந்த ஆளைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

அடுத்தமுறை வாசலில் அந்தச் சொல் கேட்டதும், "சனிக்கிழமை எனக்கு ஏலாது, சேர்" என்றேன். அதற்குப் பிறகும் அதையே சொன்னேன். மனிதர் நொந்துபோனார். நான் மறுபடி விண்ணப்பித்தபோது "ஆட்சேபனை இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பொய் எழுதாதவர் அல்லவா. இடமாற்றம் வந்துவிட்டது.

பிரியாவிடையன்று பிள்ளைகள் அழுதார்கள். நானும் விக்கி விக்கி அழுதேன். யாழ்ப்பாணத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறியபோது, நாளைக் காலையில் மகளுக்கு நானே தலை இழுத்துப் பின்னிவிடலாம் என்ற நினைப்பு வந்தது. அழுகை எந்த இடத்தில் நின்றதென்று எனக்கே தெரியாது.