கேட்டுக்கு எட்டாத வெளிச்சம்

மார்ச் முதல் தேதி, பல்கேரியாவின் சோஃபியாவில் எல்லாரும் ஒருவர் கையில் ஒருவர் சிவப்பும் வெள்ளையுமாக நூல் கட்டிவிடும் நாள். அன்று காலைதான் நெவெனாவின் கணவன் ஓக்னியான் புது வேலைக்காகக் கனடாவின் வான்கூவருக்கு விமானம் ஏறினான். "வீடு பாத்துட்டுக் கூப்பிடறேன், நெவெனா. கோடைக்குள்ள நீயும் அங்க இருப்ப" என்றான். அவள் விமான நிலையத்திலிருந்து நேராக வேலைக்குப் போனாள். வீட்டுக்குப் போனால் அழ வேண்டியிருக்கும்.

நெவெனாவுக்குக் கணினி விளையாட்டுகளில் விளக்கு வைக்கும் வேலை. ஓக்னியானும் நேற்றுவரை பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். இருவரும் பாதியில் விட்டிருந்த காட்சி ஒன்று: போருக்குப் போனவன் இருட்டில் வீடு திரும்புகிறான். கதவுக்கு மேலே ஒரே ஒரு விளக்கு. அதன் வெளிச்சத்தில் அவனுக்குத் தோட்டத்துக் கேட் தெரிய வேண்டும்.

வெளிச்சத்தின் கணக்கு இரக்கமில்லாதது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்குதான். கேட் இருட்டிலேயே கிடந்தது. நெவெனா விளக்கைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். கேட்டில் ஒருவழியாகச் சாம்பல் நிறம் தட்டியபோது, கதவும் சுவரும் மாவு பூசியதுபோல வெளுத்துப் போயிருந்தன.

பக்கத்தில் பானித்ஸாப் பலகாரம் தின்றுகொண்டிருந்த அலுவலகத் தோழி பெத்யா எட்டிப் பார்த்தாள். "ஐயோ, வீடு பத்திக்கிச்சுடி! தண்ணி கொண்டாரட்டுமா?"

"கேட்டுக்கு எட்டணும்ல."

"எட்டாது. கேட்டுக்குப் பக்கத்துலயே ஒரு பொய் விளக்கு வையி. எல்லாரும் செய்யறதுதானே?"

"ஒரே விளக்குதான்னு ஓக்னியானும் நானும் முடிவு பண்ணியிருந்தோம்."

"அவன் எங்கடி இருக்கான் இப்ப?" கேட்டுவிட்டு பெத்யா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரி விடு. ஒரு துண்டு எடுத்துக்க."

தினம் போனில் பேசிய ஓக்னியான் வாரத்துக்கு ஒருமுறை என்றானபோது, விளக்கைக் கூட்டியதுபோலவே நெவெனா அழைப்புகளையும் கூட்டினாள். காலையில் அழைத்தாள், மதியம் அழைத்தாள், அவன் தூங்கும் நேரத்திலும் அழைத்தாள். கோடை போய் இலைகள் உதிர்ந்தன.

"நான் டிக்கெட் போடட்டுமா?"

"இப்ப வேணாம். நீ இப்படிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா எனக்கு மூச்சு முட்டுது, நெவெனா."

மறுநாள் அவள் விளக்கைப் பழைய அளவுக்குக் குறைத்தாள். கதவுக்கு மர நிறம் திரும்பியது. கேட்டின் அருகே பொய் விளக்கை வைத்தாள். கம்பமில்லை, கூண்டில்லை, வெளிச்சம் மட்டும். வருபவன் கேட்டைக் கண்டுகொண்டான். அறையில் எல்லாரும் கைதட்டினார்கள். பெத்யா மட்டும் அவள் முதுகில் கைவைத்து நின்றாள்.

அதன்பிறகு நெவெனா அழைக்கவில்லை. அவனாகக் கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள். விளையாட்டு வெளியானது, அதற்கடுத்ததும் வெளியானது. மூன்றாவது குளிர்காலத்தில், டிராலி பஸ்ஸில் நெரிசலில் நிற்கும்போது அவளுடைய போன் அதிர்ந்தது.

"நெவெனா, எனக்குப் பொண்ணு பொறந்திருக்கா. அடுத்தவங்க சொல்லி உனக்குத் தெரிய வேணாம்னு நானே எழுதறேன். விவாகரத்துக்கு எங்க கையெழுத்துப் போடணுமோ சொல்லு, போடறேன்."