எடுக்கட்டுமா என்று கேட்காத படம்

அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சாருக்கு என்ன குறைந்து போயிருக்கும்? இத்தனை வருடமாகியும் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஈப்போவில் புற்றுநோய் சிகிச்சை மையம் ஒன்றில், நன்கொடை திரட்டும் பிரிவில் நான் குமாஸ்தா. பிரிவின் அப்போதைய தலைவரை எல்லோரும் ‘சார்’ என்றே அழைப்போம். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மா, தோட்டத்தை முதலாளிகள் விற்றபின் புந்தோங்கில் எங்களோடு இருந்தார். மார்பில் கட்டி வந்தபோது எங்கள் மையத்திலேயே சேர்த்தேன். மருந்து ஏறியதும் முடியெல்லாம் கொட்டிவிட்டது. மரம் வெட்டும்போது கட்டிய அதே தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வார். தூங்கும்போதும் அவிழ்க்க மாட்டார்.

மூத்தவள் பிறந்து நான் பிரசவ விடுப்பில் இருந்த சமயம், சார் கேமராவோடு வார்டுக்குப் போயிருக்கிறார். “‘தலைத்துண்ட எடுங்கம்மா, டாக்டர் பாக்கணும்’னு ஒங்க சார் சொன்னாருலா. எக்ஸ்ரே மாதிரி இதுவும் ஒரு வைத்தியம்னு நெனச்சேன்” என்றார் அம்மா பிறகு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் சொன்னதை எதிர்த்துக் கேட்டுப் பழகாதவர்கள் தோட்டத்து ஆட்கள். கழற்று என்றால் கழற்றுவார்கள்.

அந்தப் படம் ஊரெல்லாம் நன்கொடை உண்டியல்களில் ஒட்டப்பட்டது. புந்தோங் மளிகைக் கடைக்கு அம்மா உப்பு வாங்கப் போன அன்று, கடைக்கார அக்கா உண்டியலையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். “அட, உண்டியல்ல இருக்கிறது நீங்கதானா? இந்தாங்க, உங்க கையிலயே போட்டுடுறேன்லா” என்று சிரித்தபடியே சில்லறையை நீட்டியிருக்கிறார். அம்மா உப்பை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அம்மாவைக் கேட்காமல் ஏன் எடுத்தீர்கள் என்று சாரிடம் கேட்டேன். “நம்ம வீட்டு ஆளுதானேம்மா, இதுக்கெல்லாமா கேக்கணும்?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பாசமாகச் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது.

அந்த ஆண்டு ஈப்போ ஹோட்டல் ஒன்றில், நாடு முழுவதுமுள்ள புற்றுநோய் மையங்களின் விளம்பர, நிதி திரட்டும் ஊழியர்களுக்கு மாநாடு நடந்தது. வருகிறவர்களுக்குப் பெயர் அட்டை குத்திவிடுவது என் வேலை. விளக்குகளை அணைத்தார்கள். திரையில் சுவர் உயரத்துக்கு அம்மாவின் மொட்டைத் தலை. “இந்த அம்மா மனமுவந்து தந்த முகம் இது. இவருடைய மகளும் இங்கேதான் இருக்கிறார். எழுந்திரும்மா” என்றார் சார். நான் எழுந்தேன், புன்னகைத்தேன், கைதட்டினார்கள். சாருக்குச் சிறந்த விளம்பரத்துக்கான கேடயம் கிடைத்தது.

அம்மா அதன் பிறகு மருந்தேற்ற வரவில்லை. “அங்க போனா மறுபடியும் படம் புடிப்பானுங்க. நான் வரலம்மா” என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டார். கெஞ்சினேன், அழுதேன், குழந்தையைக் காட்டிக்கூடக் கேட்டேன். அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை.

இப்போது அதே மையத்தில் சார் படுத்திருக்கிறார். கம்பளித் தொப்பி ஒன்று போட்டிருக்கிறார். “யார்கிட்டயும் சொல்லிடாதம்மா, பழைய ஆளுங்க யாருக்கும் தெரியக்கூடாதுங்கிறாரு” என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். தலையாட்டினேன்.

போன வாரம் அலுவலகக் கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். “தொப்பியக் கழட்டுங்க சார், டாக்டர் பாக்கணும்” என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த வார்த்தைகள் யாருடையவை என்று அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. கழற்றினார். எடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் சின்னவளுக்குக் காய்ச்சல். செய்த பாவம் பிள்ளையைத் தொட்டுவிட்டதோ என்று பதறினேன். பல் முளைக்கிற காய்ச்சல்தான் என்றார் டாக்டர். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. படத்தை அழித்துவிடலாமா என்று நினைப்பேன், கடைக்கார அக்கா நீட்டிய கை ஞாபகம் வரும், வைத்துக்கொள்வேன்.

அடுத்த மாதம் மறுபடியும் மாநாடு. நோயாளிகளின் படங்களைப் பற்றி இம்முறை நான்தான் பேச வேண்டும். அவரோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் வருவார்கள். திரையில் பார்த்த உடனே அவரை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

வாசகர்களே, உங்களிடம் யோசனை கேட்கிறேன். மன்னித்துவிடு என்று மட்டும் எழுதாதீர்கள். என் வீட்டுக்காரர் அதைத் தினமும் சொல்கிறார். அந்தப் படத்தை நான் திரையில் போடட்டுமா? அல்லது, போடுவேனா மாட்டேனா என்று தெரியாமலே அவர் அந்தத் தொப்பிக்குள் கிடக்கட்டும் என்று விட்டுவிடட்டுமா? இரண்டில் எது அவருக்கு அதிகம் வலிக்கும் என்பதை மட்டும் எழுதுங்கள்.